செப்பா, ஒளியிழையா? வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஆய்வகக் கணினித் தொகுப்பில் செப்புக் கேபிள்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒளியிழை போட்டால் கணக்கீடுகள் வேகமாக முடியுமா?

பதில்: முடியாது. ஒளியிழையின் கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. மீட்டருக்கு 5 நானோவிநாடி. நல்ல செப்புக் கேபிளிலும் சமிக்ஞை கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஒளியிழையின் பலம் தூரம். ஒரு தடத்தில் விநாடிக்கு 100 ஜிகாபிட் அனுப்பினால், செப்பில் இரண்டு மூன்று மீட்டருக்குள் சமிக்ஞை தேய்ந்துவிடும். அதனால்தான் ரேக்குக்குள் (கணினிகளை அடுக்கும் அலமாரி) செப்பு, ரேக்குகளுக்கு இடையே ஒளி என்று பிரிக்கிறார்கள். 2024இல் சில்லு நிறுவனமான என்விடியா அறிவித்த என்விஎல்72 ரேக்கில் 72 ஜிபியுக்களை (கணக்கீட்டுச் சில்லுகளை) இணைப்பவை 5,000க்கு மேற்பட்ட செப்புக் கேபிள்கள். அங்கே ஒளிக்குப் போயிருந்தால் டிரான்சீவர் (மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின்சமிக்ஞையாகவும் மாற்றும் கருவி) முதலியவற்றுக்கே 20 கிலோவாட் செலவாகியிருக்கும் என்று அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். ஒளி என்றாலே மின்சாரச் சிக்கனம் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ஸ்விட்ச் சில்லின் பக்கத்திலேயே ஒளிப் பாகங்களை வைக்கிறார்களாமே, எதற்கு?

பதில்: இதுவும் மின்சாரக் கணக்குதான். கணினிகளுக்கு இடையே தரவை வழிமாற்றிவிடும் பெட்டிதான் ஸ்விட்ச்; இப்போது டிரான்சீவர் அதன் முகப்பில் செருகப்படுகிறது. சில்லிலிருந்து அதுவரை சர்க்யூட் போர்டில் சமிக்ஞை ஓடும் சில அங்குலங்களே பெரும் இழப்பு. கெட்டுப்போன சமிக்ஞையைச் செப்பனிட டிரான்சீவருக்குள் தனிச் சில்லு வேண்டும். 800 ஜிகாபிட் டிரான்சீவர் ஒன்று சுமார் 15 வாட் எடுக்கும்; 64 போர்ட் உள்ள ஸ்விட்ச்சில் இவை மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோவாட். ஒளிப் பாகத்தைச் சில்லை ஒட்டி வைத்தால் இதில் பெரும்பகுதி மிச்சம். வெப்பத்தில் லேசரின் ஆயுள் குறையும் என்பதால் அதை மட்டும் பெரும்பாலும் வெளியே, கழற்றி மாற்றும்படி வைக்கிறார்கள்.

யோசனை புதிதல்ல; ஐபிஎம் தன் பவர் 775 கணினியில் 2011 வாக்கிலேயே இதைச் செய்துகாட்டியது. என்விடியா 2025 மார்ச்சில் இத்தகைய ஸ்விட்ச்சுகளை அறிவித்தது. என் தயக்கம் பழுது பற்றியது. டிரான்சீவர் செத்தால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். சில்லோடு ஒட்டியதை அப்படிப் பிடுங்க முடியாது. சிறிய தொகுப்பு வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: கூகுள் கண்ணாடிகளை வைத்து ஸ்விட்ச் செய்கிறதாமே?

பதில்: ஆம். 4,096 சில்லுகள் கொண்ட அதன் டிபியு வி4 (செயற்கை நுண்ணறிவுக்கான கூகுளின் சில்லு) கணினியில், ஒளியைப் பிரதிபலிக்கும் மிகச் சிறு கண்ணாடிகள் சாய்ந்து ஒளிக்கற்றையை ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குத் திருப்புகின்றன. ஒளி மின்சாரமாக மாறுவதே இல்லை. ஆனால் கண்ணாடி திரும்ப மில்லிவிநாடிகள் ஆகும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் (தரவுத் துண்டுக்குத் துண்டு) வழி மாற்ற இது உதவாது. வேலை தொடங்கும் முன் பாதையை அமைக்கவும், பழுதான ரேக்கை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை இணைக்கவும் அருமையான ஏற்பாடு.

கேள்வி: ஒரு இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறது. டிரான்சீவரை மாற்றியும் பயனில்லை.

பதில்: இழையின் இரு முனைகளையும் நுண்ணோக்கியில் பாருங்கள், பெரும்பாலும் தூசிதான். ஒரே ஒளிப்பாதை கொண்ட சிங்கிள் மோட் இழையில் ஒளி செல்லும் மையம் 9 மைக்ரான் மட்டுமே, ஒரு துகள் போதும். துடைத்து, மறுபடி பார்த்து, பிறகு செருகுங்கள். வெறும் கண்ணால் இழைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.