போர்வீரராகவும் ஆலைத் தொழிலாளியாகவும் வாழ்ந்த அம்மப்பாவைப் பற்றி நினைவு மலரில் எப்படி எழுதுவது?

இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்து, பின்னர் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற தங்கள் அம்மப்பாவின் நூற்றாண்டு நினைவு மலருக்கு எதை எழுதுவதென்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் படைச் சேவையை ஆவணங்களிலிருந்து உறுதிப்படுத்துங்கள். பதக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். அக்காலத்தில் பிரித்தானியா வழங்கிய போர்ப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படாதவை. விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்தால் படைப்பிரிவும் காலமும் தெளிவாகும். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதும், மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்ததும், அதில் 307 பேர் இறந்ததும் வரலாறு. ஆயினும் அவர் அங்கே நின்றார் என்பதற்குச் சான்று இல்லாவிடில், அதை அவர் காலத்துப் பின்னணியாக மட்டுமே எழுதுங்கள்.

ஆலை வாழ்க்கையைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்பேன். நம்மவர் மலர்களில் போருக்கு ஒரு பக்கமும் முப்பதாண்டு உழைப்புக்கு ஒரு வரியும் ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. 1950களில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, நமது வயல்களின் வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்தது. ஆகவே அவர் வைக்கோலை ஏற்றிறக்கினாரா, கூழை அவிக்கும் பகுதியில் நின்றாரா, இயந்திரத்தைப் பார்த்தாரா, இரவு முறைவேலை முடிந்து எப்படி வீடு திரும்பினார் என்பவற்றை, உடன் வேலை செய்தவர்களில் எஞ்சியிருப்போரிடம் நேரில் சென்று கேளுங்கள். சேவைக் காலத்தைச் சரிபார்க்க, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான ஊழியர் சேமலாப நிதியின் பழைய அட்டை அம்மம்மாவின் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.