நடந்து முடித்ததும் பிரஷர் இறங்குகிறதே, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் நான், வயது 61. நான்கு ஆண்டுகளாகப் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் காலையில் 45 நிமிடம் வேகமாக நடப்பேன். கிளம்பும் முன் 138/86 இருக்கும் ரத்த அழுத்தம், திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 124/78 ஆகிவிடுகிறது. போன வாரம் பூங்கா வாசலில் நடந்த இலவச முகாமில், நடை முடித்த கையோடு பார்த்து 108/70 என்றார்கள். "உங்களுக்கு லோ பிரஷர்" என்று சொல்லி 1,450 ரூபாய்க்கு ஒரு சத்துப் பொடியும் கொடுத்தார்கள். இன்னும் அதைத் திறக்கவில்லை. நடையை நிறுத்தி நின்றதும் இரண்டு முறை தலை கிறுகிறுத்தது உண்மை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. நீங்கள் எழுதியிருக்கும் எண்களில் லோ பிரஷர் எங்கும் தெரியவில்லை.

வயலுக்கு நீர் பாய மடைகளைத் திறந்துவிட்டால் வாய்க்காலில் மட்டம் இறங்கும் அல்லவா? அதுதான் உங்கள் உடலில் நடக்கிறது. நடக்கும்போது தொடை, கெண்டைக்கால் தசைகளுக்குப் போகும் ரத்த நாளங்கள் விரிகின்றன. நடை முடிந்ததும் அவை உடனே சுருங்கிவிடுவதில்லை; மணிக்கணக்கில் விரிந்தே கிடக்கின்றன. தும்மலுக்கும் அரிப்புக்கும் நாம் திட்டித் தீர்க்கும் ஹிஸ்டமின் என்ற உடல் ரசாயனம்தான் இங்கே மடையைத் திறந்து வைத்திருக்கிறது. கூடவே மூளையும் நாளங்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளின் பிடியைச் சற்றுத் தளர்த்திவிடுகிறது. ஆங்கிலேய உடலியலாளர் லெனார்ட் ஹில் 1890களிலேயே, ஓடி முடித்தவர்களுக்கு அழுத்தம் இறங்குவதைக் கவனித்து எழுதிவிட்டார். உங்களைப் போல உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 5 முதல் 10 வரை இறங்குவது சாதாரணம். சிலருக்கு இன்னும் கூடுதலாக இறங்கும். பல மணி நேரம் நீடிக்கும். நடைக்குக் கிடைத்த கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிறுகிறுப்புக்குக் காரணம் வேறு. நடக்கையில் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. சட்டென்று நின்றால் அந்தப் பிழிதல் நின்று, விரிந்த நாளங்களில் ரத்தம் தேங்கிவிடும். கடைசி 5 முதல் 10 நிமிடம் நடையைத் தளர்த்தி முடியுங்கள். வந்தவுடன் சுடச்சுடக் குளிக்க வேண்டாம்.

இந்த முகாம்காரர்களுக்கும் இது தெரியும், அல்லது தெரிந்துகொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை. நடந்து களைத்து வருபவரை வரிசையில் நிற்க வைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளக்கிறார்கள். எண் கூடினால் ஒரு பொடி, குறைந்தால் இன்னொரு பொடி. எதுவுமே வாங்கத் தேவையில்லாத எண்ணோடு யாராவது அந்த மேசையை விட்டு எழுந்து போய் நான் பார்த்ததில்லை. முறையாக அளக்க வேண்டுமானால், உடற்பயிற்சியோ காபியோ முடிந்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். உங்கள் மருத்துவருக்குத் தேவையானது, நடைக்கு முன் வீட்டில் எடுத்த அந்த 138/86. அதைப் பார்த்தால் மாத்திரை அதிகமாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. அம்லோடிபினை நிறுத்தினால் மறுநாளே அழுத்தம் ஏறாது. மருந்து உடலை விட்டு வெளியேறச் சில நாட்கள் ஆகும். "நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நடைத்தோழர்கள் சொல்லும் கதைகளில் பாதி அந்தச் சில நாட்களின் கதைதான்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாம்சுலோசின் போன்ற பெயர் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் அந்த மருந்து ரத்த நாளங்களையும் தளர்த்தும். ஏற்கெனவே அம்லோடிபின், அதன்மேல் இது, அதன்மேல் நடை. மூன்றும் சேர்ந்தால் எழுந்து நிற்கையில் கண் இருட்டும். உங்கள் வயதில் இது அரிதே அல்ல. சிறுநீரக மருத்துவர் ஒரு சீட்டில் எழுதுகிறார், பொது மருத்துவர் வேறொரு சீட்டில் எழுதுகிறார். இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவர் மருந்துக் கடைப் பையன் மட்டுமே. இரண்டு சீட்டையும் கையோடு கொண்டுபோய், உட்கார்ந்தும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருந்தை மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். நிற்க வைத்து அளப்பதற்கு அதிகம் போனால் மூன்று நிமிடம்தான். ஆனால் பெரும்பாலான வெளிநோயாளிச் சீட்டுகளில் ரத்த அழுத்தத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். அளந்த நேரத்தை எழுதக்கூட இடமில்லை. கட்டம் இல்லாததை யார் கேட்கப்போகிறார்கள்?

நின்ற பிறகு வரும் கிறுகிறுப்பைத்தான் இதுவரை சொன்னேன். நடந்துகொண்டிருக்கும்போதே மயக்கமோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் நடையை அங்கேயே விட்டுவிட்டு, அன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பொடி டப்பாவைத் திறக்காதது நல்லதாயிற்று. பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள்; பிரஷர்காரருக்கு உப்பை விற்றிருந்தாலும் வியப்பதற்கில்லை. ரசீது கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்திருக்க மாட்டார்கள்.