வியாழனுக்குப் போகாமலே அங்க என்ன வாயுன்னு எப்படிங்க சொல்றாங்க?

கேள்வி: மேகம் இல்லாத ராத்திரியில அப்பா வியாழனைக் காட்டி, அங்க மீத்தேன் இருக்குன்னாரு. யாரும் போய்ப் பாக்காம எப்படித் தெரியும்? – கல்லூரி மாணவி, நாயுடுபுரம், கொடைக்கானல்

பதில்: ஒரு பழைய சிடியை டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாரும்மா, வானவில் ஒரே சீரா வராது, பச்சையும் நீலமும் தனியா பளிச்சுன்னு நிக்கும், அது குழாய்க்குள்ள இருக்கிற பாதரச ஆவியோட கைரேகை மாதிரி. கோள்ல இது தலைகீழ். சூரிய வெளிச்சம் மேகத்துல பட்டுத் திரும்பி வர்றப்போ நடுவுல இருக்கிற வாயு தனக்குன்னு உள்ள நிறத்தை மட்டும் முழுங்கிடும், அந்த வெளிச்சத்தை வானவில்லா பிரிச்சுப் பாத்தா அந்த இடம் கறுப்புப் பட்டையா தெரியும். அமெரிக்காவுல ஸ்லைஃபர்ங்கற வானியலாளர் வியாழனோட இந்தப் பட்டைகளை எப்பவோ படம் பிடிச்சுட்டார், ஆனா எந்த வாயுன்னு பல வருஷம் புரியவே இல்ல, 1932ல ரூபர்ட் வில்ட்ங்கற வானியலாளர்தான் அது மீத்தேன், அம்மோனியான்னு சொன்னார். நெப்டியூன் நீலமா இருக்கறதுக்கும் முக்கிய காரணம் சிவப்பை முழுங்குற மீத்தேன்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சனி. கோள்ல மீத்தேன் பட்டை அழுத்தமா இருக்கும், பக்கத்துலயே இருக்கிற வளையத்துல இருக்காது, ஏன்னா அது பனிக்கட்டித் துண்டுங்க, காத்து மண்டலம் கிடையாது.

2022ல ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சுமார் 700 ஒளியாண்டு தள்ளி வேற ஒரு நட்சத்திரத்தைச் சுத்துற வாஸ்ப்-39பி கோள்ல கார்பன் டை ஆக்சைடையே பிடிச்சிருச்சு, கோள் நட்சத்திரத்துக்குக் குறுக்க போறப்போ அதோட விளிம்புக் காத்து வழியா வந்த வெளிச்சத்தை வச்சு.

உங்க ஊர் சூரிய ஆய்வகத்துலயே 1909ல எவர்ஷெட்ங்கற வானியலாளர், இப்படி வெளிச்சத்தைப் பிரிச்சா கிடைக்கிற நிறமாலையை வச்சுத்தான் சூரியப்புள்ளியில வாயு ஓடறதைக் கண்டுபிடிச்சார், அப்பாவையும் கூட்டிட்டு ஒருதடவை போய்ப் பாரும்மா.