பக்கத்து கிளினிக்கில் சரியாகப் பார்க்கிறார்களா? தமிழக-கேரள எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை வாசகர்: ஜுரம் என்று போனால் ஒரு டாக்டர் ஊசி போடுகிறார், மறுநாளே வேலைக்குப் போக முடிகிறது. இன்னொருவர் பாரசிட்டமால் மட்டும் எழுதி, மூன்று நாள் கழித்து வரச் சொல்கிறார். யாரிடம் போவது?

ஊசியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊசியில் பல நேரம் இருப்பது டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்து, இல்லையென்றால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. இரண்டும் ஜுரத்தை அமுக்குமே தவிர அதன் காரணத்தைத் தொடாது. வைரஸ் ஜுரம் சில நாளில் தானே இறங்கிவிடும், பெயர் ஊசிக்குப் போய்விடும். டெங்குவாக இருந்தாலோ டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.

மூன்று நாள் கழித்து வரச் சொன்னவர், எது வந்தால் அதற்கு முன்பே ஓடி வரவேண்டும் என்றும் சொன்னாரா? டெங்குவில் ஆபத்தான கட்டம் ஜுரம் இறங்குகிற சமயத்தில்தான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, மிதமிஞ்சிய சோர்வு ஆகியவற்றை அவர் வாய்விட்டுச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், சேற்றிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சலில் காத்திருக்கவே கூடாது. கேரளச் சுகாதாரத் துறைப் பலகைகளில் எலிப்பனி என்று இருப்பது இதுதான். சந்தேகம் வந்தாலே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். சந்தேகம் வர வேண்டுமானால் வயல், வாய்க்கால், மாட்டுத்தொழுவ வேலை உண்டா, காலில் புண் உண்டா என்று டாக்டர் விசாரித்திருக்க வேண்டும். இப்படித் துருவிக் கேட்கிற டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வேலந்தாவளம் வாசகி: கிளினிக்கில் பி.பி. 160 காட்டுகிறது, வீட்டு மிஷினில் 130. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார்.

எப்படி அளந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் விறுவிறுவென்று போய் உட்கார்ந்து கையை நீட்டினால் எண் ஏறத்தான் செய்யும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக்கூடாது. அளக்கும்போது பேச்சு கூடாது. அதற்கு முந்தைய அரைமணியில் காபி, பீடி கூடாது. கை தொங்கினாலும், பருமனான கைக்குச் சிறிய பட்டை சுற்றினாலும் அளவு கூடுதலாகவே காட்டும். ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இரண்டாம் முறை அளக்காத இடத்தில் ஒரே எண்ணை நம்பி மருந்தைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு வாரம் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை வீட்டில் அளந்து எழுதுங்கள். அந்த நோட்டையும் மிஷினையும் கிளினிக்குக்கே கொண்டுபோய், அவர்கள் கருவியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வீட்டுச் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் கூட்டிய மாத்திரையைப் பற்றி அவரிடமே கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முதலமடை வாசகர்: அப்பா மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர், பல வருடமாகச் சர்க்கரை. மாதாமாதம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து மாத்திரை தருகிறார்கள். அது போதாதா?

போதாது. வெறும் வயிற்று அளவு அன்றைய காலையை மட்டும் சொல்லும். ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்வது எச்பிஏ1சி. கட்டுக்குள் இல்லாதவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், கட்டுக்குள் இருப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அதைப் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் பரிசோதனைகளும், சொட்டு மருந்து விட்டு விழித்திரைப் பரிசோதனையும் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரும் என்பதால் கிரியாட்டினினைத் தள்ளிப்போடக் கூடாது.

கிளினிக்குகளில் அதிகம் விட்டுப்போவது கால்தான். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை பார்த்து, 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். உணர்ச்சி செத்த காலோடு தோப்பில் வெறுங்காலாய் நடப்பவருக்கு முள் குத்தியதே தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகுதான் வீட்டார் பார்ப்பார்கள். அடுத்த முறை நீங்களும் கூடப் போய், "அப்பாவின் காலைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேளுங்கள்.

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கைநடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. இதை அப்பாவுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

மீனாட்சிபுரம் வாசகர்: புதிதாக வந்திருப்பவர் உண்மையான டாக்டர்தானா?

மருத்துவர் பதிவு எண் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அந்த எண்ணை மாநில மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். கேரளப் பக்கமானால் கிளினிக், ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்வதற்கான 2018 சட்டப்படி கிளினிக்கின் பதிவுச் சான்றும் கட்டண விவரமும் பார்வையில் மாட்டியிருக்க வேண்டும்.

கோவிந்தாபுரம் வாசகி: பொள்ளாச்சியிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் இரண்டு டாக்டர்களிடம் பார்க்கிறோம். ஒருவர் சீட்டு மற்றவருக்குப் புரிவதில்லை.

பெரிய ஆபத்து, ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடுவது. பி.பி.க்கான டெல்மிசார்டன் அப்படிச் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போதே தலைசுற்றி விழலாம். மாத்திரைப் பட்டையில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் அச்சாகியிருக்கும். அதைத் தமிழிலோ மலையாளத்திலோ அல்லாமல் ஆங்கில எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்றும் குறியுங்கள். பட்டைகளை அப்படியே பையில் போட்டு இரு இடத்துக்கும் எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் சிகிச்சைப் பதிவுகளின் நகல்களைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். அதே 2002 விதிப்படி 72 மணிநேரத்துக்குள் தர வேண்டும்.