நாலாம் கிரேடு வந்தால் என்னவெல்லாம் வரும்? வாசகர் கேள்வி பதில்

பள்ளி திறக்கப் போகிறது என்றாலே கடிதங்கள் குவியும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் கலிபோர்னியாவிலிருந்து, அதிலும் பெரும்பாலானவை நாலாம் கிரேடு, அதாவது நாலாம் வகுப்பு பற்றி. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: என் மகள் ஆகஸ்டில் நாலாம் கிரேடு போகிறாள். நான் படித்ததெல்லாம் திருச்சியில். இங்கே ரேங்க் இல்லை, மார்க் இல்லை, மூன்றாம் கிரேடு ரிப்போர்ட் கார்டு முழுக்க '3' என்று வந்தது. நாலுக்கு மூன்று என்றால் 75 சதவீதம்தானே என்று மாமியார் கேட்கிறார். கணக்கில் ஏதோ கட்டம் போட்டுப் பெருக்குகிறாள், அவள் அப்பா நம்மூர் முறையில் சொல்லிக் கொடுத்தால் 'டீச்சர் இப்படிச் சொல்லலை' என்று ஒரே அழுகை. டியூஷனில் சேர்த்துவிடலாமா?
– ஒரு தாய், ஃப்ரீமான்ட்

பதில்: மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள், 3 என்பது 75 சதவீதம் இல்லை. இங்கே பெரும்பாலான ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்களில் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) 3 என்றால் 'இந்த வகுப்பில் தெரிய வேண்டியது இவளுக்குத் தெரியும்' என்று அர்த்தம், அவ்வளவுதான். 4 என்பது அதற்கும் மேலே, அதைக் கை தாராளமாக யாரும் போடுவதில்லை. எல்லாம் 3 என்றால் பாயசம் வைக்கலாம். முதல் ட்ரைமெஸ்டரில், அதாவது பள்ளி வருடத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில், ஒன்றிரண்டு 2 வந்தால்கூடப் பதற வேண்டாம், வருடக் கடைசியிலும் அது 2 ஆகவே நின்றால் டீச்சரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இப்போது கணக்கு. உங்கள் வீட்டுச் சண்டை அமெரிக்காவில் எல்லாத் தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். அந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் கணவருக்கே பிடித்துப்போகும். 34 ஐ 26 ஆல் பெருக்க வேண்டும் என்றால் 34 ஐ 30, 4 என்றும் 26 ஐ 20, 6 என்றும் உடைத்து நாலு கட்டத்தில் எழுதுவார்கள்: 600, 180, 80, 24. கூட்டினால் 884. நாமும் இதைத்தான் செய்தோம், ஆனால் இரண்டாவது வரியில் ஏன் ஓர் இடம் தள்ளி எழுதுகிறோம் என்று நம்மில் பலருக்குக் கடைசி வரை தெரியாது, சார் தள்ளச் சொன்னார், தள்ளினோம். கலிபோர்னியா பின்பற்றும் பாடத்திட்டத்தில் நாம் படித்த பெருக்கல் முறை ஐந்தாம் கிரேடில்தான் எதிர்பார்க்கப்படுகிறது, நம்மூர் நீள் வகுத்தல் ஆறாம் கிரேடில். நாலாம் கிரேடில் நாலு இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் பெருக்கவும் வகுக்கவும் தெரிய வேண்டும், இரண்டு இலக்கத்தை இரண்டு இலக்கத்தால் பெருக்கத் தெரிய வேண்டும், ஆனால் இடமதிப்பு புரிந்து செய்ய வேண்டும். அதனால் அப்பா கொஞ்சம் பொறுமையாக இருக்கலாம். சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, 'இந்த 180 எங்கிருந்து வந்தது, எனக்குச் சொல்லு பார்ப்போம்' என்று அவளைச் சொல்ல வைக்கட்டும். பரீட்சையிலும் விடை மட்டும் போதாது, எப்படி வந்தது என்று எழுதச் சொல்லிக் கேட்பார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நம்மூர்ப் பழக்கம்தான் சரி என்பேன்: வாய்ப்பாடு. மூன்றாம் கிரேடு முடியும்போது ஒன்பது பெருக்கல் ஒன்பது வரை மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று இங்குள்ள பாடத்திட்டமே சொல்கிறது, ஆனால் பல பள்ளிகளில் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கு விரல் விட்டு எண்ணும் குழந்தை நாலாம் கிரேடில் பின்னம் வந்ததும் திணறிப் போகும். ஆமாம், இந்த வருடத்தின் பெரிய விஷயமே பின்னம்தான். ஆறில் ஒன்றைவிட எட்டில் ஒன்று ஏன் சிறியது, நாலில் இரண்டும் எட்டில் நாலும் ஏன் சமம், இரண்டு பின்னத்திலும் பகுதி எண் ஒரே எண்ணாக இருந்தால் எப்படிக் கூட்டுவது, கழிப்பது, அங்கிருந்து தசமம். கூடவே கோணமானி வைத்துக் கோணம் அளப்பது. தோசையை வெட்டி இந்தப் பின்னப் பாடத்தை ஆரம்பித்துவைக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

கணக்கைவிட நான் கவலைப்படுவது வாசிப்பைப் பற்றி. மூன்றாம் கிரேடு வரை குழந்தை படிக்கக் கற்றுக்கொள்கிறது, நாலில் இருந்து படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சயின்ஸ், சரித்திரம் எல்லாமே பக்கம் பக்கமாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்வர்டில் வாசிப்பை ஆராய்ந்த ஜீன் சால் என்ற பேராசிரியர், அதுவரை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட, குறிப்பாக வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், நாலாம் கிரேடு வாக்கில் சறுக்குவதைக் கவனித்து எழுதினார். எழுத்துக் கூட்டுவதில் பிரச்சினை இல்லை, பாடத்தில் வரும் சொற்களின் பொருள் தெரிவதில்லை. உங்கள் மகள் சரளமாக வாசித்துக் காட்டினால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். படித்து முடித்ததும் 'அவன் கோபமாக இருந்தான் என்கிறாயே, அது எந்த வரியில் இருக்கிறது?' என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள், பதிலும் தமிழில் வந்தால் இரட்டிப்பு லாபம். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வசந்தத்தில் மாநிலப் பரீட்சை ஒன்று வரும், மூன்றாம் கிரேடிலேயே ஒருமுறை எழுதியிருப்பாள். ஆங்கிலமும் கணக்கும் மட்டும்தான். சயின்ஸ் பரீட்சை ஐந்தாம் கிரேடில். கம்ப்யூட்டரில் எழுதுவது, சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும், அதனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் 'ரொம்பக் கஷ்டமா இருந்துச்சும்மா' என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டியூஷன்? இப்போதைக்கு வேண்டாம். இலையுதிர் காலத்தில் டீச்சரோடு கான்ஃபரன்ஸ் வைப்பார்கள், இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். 'நன்றாகப் படிக்கிறாளா' என்று கேட்டு அந்த நேரத்தை வீணாக்காமல், எங்கே தடுமாறுகிறாள், வீட்டில் எந்த ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள். டீச்சர் ஓர் ஓட்டையைக் காட்டினால் அதற்கு மட்டும் உதவி தேடலாம்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு மார்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டி போல இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாள். நாலாம் கிரேடுதான். பயமாக இருக்கிறது, ஊரில் அம்மாவிடம் சொன்னால் அழுகிறார்.
– பெயர் வேண்டாம், சான் ஹோசே

பதில்: அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். பெண் குழந்தைகளுக்கு எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் வளர்ச்சி தொடங்கலாம், முதலில் ஒரு பக்கம் மட்டும் தொடங்குவதும் சகஜம், சில மாதங்களில் மறுபக்கமும் வந்துவிடும். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், உங்கள் நிம்மதிக்காகவாவது. எட்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வளர்ச்சி தொடங்கி, பொதுவாக இரண்டு இரண்டரை வருடம் கழித்துத்தான் மாதவிடாய் வரும், ஆக உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் ரொம்பவும் இல்லை. பல பள்ளிகளில் நாலாம் அல்லது ஐந்தாம் கிரேடில் வளரிளம் பருவம் பற்றி ஒரு வீடியோ காட்டுவார்கள், அதற்கு முன் வீட்டுக்குக் கடிதம் வரும். பள்ளி சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் உட்கார வைத்துப் பெரிய பாடமாக எடுக்க வேண்டாம், காரில் போகும்போது, துணி மடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக. பையில் ஒரு பேட், மாற்று உள்ளாடை, யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது, இந்த மூன்றும் போதும். அப்புறம் சடங்கு. பாட்டிகள் ஆசைப்படுவார்கள், தப்பில்லை, ஆனால் ஊரைக் கூட்டுவதற்கு முன் அவளைக் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இதில் நான் பாட்டிகள் பக்கம் இல்லை.

கேள்வி: சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று மகன் அடம்பிடிக்கிறான். மூன்று வருடம் சந்தோஷமாகப் போனவன். விட்டுவிடலாமா?
– சான் ரமோனிலிருந்து ஓர் அப்பா

பதில்: இந்த வயதில்தான் இது கிளம்பும். நண்பர்கள் கூட்டம் முக்கியமாகிவிடுகிறது, சனிக்கிழமை பந்தாட்டத்துக்குப் போகும் பையன்களைப் பார்க்கிறான், அதோடு தமிழ்ப் பாடமும் இப்போது கடினமாகியிருக்கும். விடாதீர்கள். வேறு வகுப்பு ஒன்றைக் குறையுங்கள். சதுரங்கம், நீச்சல், கோடிங், வயலின், தமிழ் என்று ஐந்து வைத்துக்கொண்டு தமிழை மட்டும் வெட்டினால் அவனுக்கு என்ன புரியும்? கலிபோர்னியாவில் 1998 முதலே வார இறுதித் தமிழ்ப் பள்ளி முறையாக நடக்கிறது, ஹைஸ்கூலில் தமிழை உலகமொழிப் பாடமாக ஏற்றுக்கொள்ளும் டிஸ்ட்ரிக்ட்களும் உண்டு, உங்கள் டிஸ்ட்ரிக்டில் எப்படி என்று விசாரித்துவிடுங்கள். அவனிடம் இதைச் சொன்னால் ஒன்றும் நடக்காது, இது உங்களுக்கு. அவனுக்கு, கூடப் படிக்கும் ஒரு பையனை வாரம் ஒருமுறை வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வகுப்பில் எல்லோரிடமும் போன் இருக்கிறதாம். வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், இர்வைன்

பதில்: எல்லோரிடமும் இருக்காது. பள்ளிகளில் மாணவர்கள் போன் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2024 இல் மாநிலமே சட்டம் போட்டிருக்கிறது. வேண்டாம்.

கேள்வி: நாலாம் கிரேடில் மிஷன் ப்ராஜெக்ட் என்று ஒன்று வருமாம், சர்க்கரைக் கட்டி வைத்துச் சர்ச் கட்ட வேண்டுமாம். அப்பாக்கள்தான் ராத்திரி பசையோடு உட்கார்ந்திருப்பார்கள் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு தந்தை, சாக்ரமென்டோ

பதில்: உண்மையாகத்தான் இருந்தது. கலிபோர்னியாவில் நாலாம் கிரேடு சமூக அறிவியல் முழுக்க மாநில வரலாறு: பழங்குடி மக்கள், 1769 இல் சான் டியாகோவில் தொடங்கிய ஸ்பானிய மிஷன்கள் (ஸ்பானியப் பாதிரியார்கள் சர்ச்சோடு அமைத்த குடியிருப்புகள்), மொத்தம் 21, அப்புறம் 1848 இல் கொலோமாவில் தங்கம் கிடைத்தது, 1850 இல் மாநிலமானது. மிஷன் மாதிரி கட்டுவது பல தலைமுறை வழக்கம். ஆனால் 2016 இல் வந்த மாநில வழிகாட்டியே அதனால் பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் கற்பதில்லை என்று சொல்லிவிட்டது, அந்தச் சுவர்களுக்குள் பழங்குடி மக்கள் பட்ட பாட்டை அட்டையும் சர்க்கரையும் காட்டாது. இன்னும் சில டீச்சர்கள் கொடுக்கிறார்கள். கொடுத்தால் கோணல்மாணலாக இருந்தாலும் அவனே கட்டட்டும்.

பசைக்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு பயணம் போய்வாருங்கள். அமெரிக்காவில் வசிக்கும் எல்லா நாலாம் கிரேடு குழந்தைக்கும் தேசியப் பூங்காக்களுக்கு ஒரு வருட இலவச அனுமதி உண்டு, 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' என்று பெயர், இணையதளத்தில் பதிந்து எடுத்துக்கொள்ளலாம். குழந்தை கூட இருந்தால் காரில் இருக்கும் குடும்பத்துக்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, யோசெமிட்டிக்கு மட்டும் ஒரு காருக்கு 35 டாலர் மிச்சம். கூடாரம் போடும் கட்டணம் இதில் சேராது. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும், ஐந்தாம் கிரேடு போய்விட்டால் கிடைக்காது, எனவே கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, ஆகஸ்ட் முடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.