கொலம்பஸுக்கு வரும் தம்பிக்கு: முதலில் மாத்திரை, அப்புறம் குளிர்கோட்டு

"நவம்பர் நடுவில் ஓஹையோ மாநிலம் கொலம்பஸுக்கு வேலைக்கு வருகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையும், ராத்திரி ஒரு இன்சுலினும் உண்டு. எவ்வளவு மருந்து கொண்டு வரலாம்? தீர்ந்தால் அங்கே சுலபமாக வாங்க முடியுமா? குளிருக்கு என்ன உடை, கார் உடனே தேவையா, வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

கோட்டை இங்கே வந்து வாங்குங்கள். ஒப்பணக்காரத் தெருவில் வாங்கும் ஸ்வெட்டரெல்லாம் இங்கே அக்டோபருக்கே பத்தாது. கார் வேண்டும். வீடு பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கொலம்பஸ் புறநகரான டப்ளின் பக்கம் நம்மவர்கள் அதிகம், வாடகையும் அதிகம். இதற்கு மேல் அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை. மருந்து விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் வந்து இறங்குவதே தேங்க்ஸ்கிவிங் என்ற பெரிய விடுமுறைக்கு முந்தின வாரம்.

தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை. டாக்டர் அலுவலகங்கள் பல புதன் மத்தியானமே பூட்டிவிட்டுத் திங்கள் காலைதான் திறக்கும். மருந்துக்கடை வெள்ளிக்கிழமை திறந்திருக்கும். ஆனால் கடை திறந்திருப்பதால் மட்டும் மருந்து கிடைத்துவிடாது. ஊரில் காலி அட்டையை நீட்டி "அண்ணே, இதுல ரெண்டு அட்டை" என்றால் கதை முடிந்தது. இங்கே மாத்திரை ஒரு புட்டியில் வரும், அதன் மேல் உங்கள் பெயர், டாக்டர் பெயர், இன்னும் எத்தனை தடவை வாங்கலாம் என்ற எண் எல்லாம் ஒட்டியிருக்கும். அந்த எண் பூஜ்யமாகிவிட்டால், பத்து வருடமாக அதே மாத்திரையைச் சாப்பிடுகிறவராக இருந்தாலும் டாக்டர் மறுபடி அனுமதி தர வேண்டும். டாக்டரோ வான்கோழி சாப்பிடப் போயிருப்பார்.

எனக்கும் சர்க்கரைதான். 2007இல் வந்த எனக்கு முதல் தேங்க்ஸ்கிவிங் இப்படித்தான் போனது. மருந்து தீரப்போகிறது என்று திங்கட்கிழமையே கடையில் சொல்லிவிட்டேன். அவர்கள் டாக்டருக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்கள். டாக்டர் அலுவலகம் ஃபேக்ஸ் வரவே இல்லை என்றது, கடை அனுப்பியாயிற்று என்றது. புதன் சாயந்திரம் டாக்டர் அலுவலகத்தில் இயந்திரம் பேச ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடையில் இருந்த பெண் நல்லவள்தான், ஆனால் "திங்கட்கிழமை கூப்பிட்டுப் பாருங்கள்" என்பதைத் தவிர அவளிடம் வேறு பதில் இல்லை. குப்பியில் மிச்சம் இருந்தது ஒரு வேளைக்கான இன்சுலின். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ரெண்டு நாள் தவறினால் உடம்பு எப்படியோ சமாளிக்கும். இன்சுலின் அப்படியில்லை, அதுவும் உடம்பில் இன்சுலினே அநேகமாகச் சுரக்காத டைப் 1 ஆட்களுக்கு ஒரு நாள் தவறுவதே ஆபத்து.

மாடி வீட்டுத் தெலுங்கர் ஒருவர்தான் வழி சொன்னார். டாக்டர் அலுவலகத்து இயந்திரம் பேசுவதைப் பாதியில் துண்டிக்காமல் கடைசிவரை கேட்கச் சொன்னார். உண்மையிலேயே கடைசியில், அவசரமானால் இன்ன எண்ணை அமுக்கவும் என்று வந்தது. அமுக்கினால் ஓர் ஆள் பேசினார், பெயரும் பிறந்த தேதியும் கேட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் விடுமுறையில் முறை வைத்துப் பார்க்கும் டாக்டர், என்னை முன்னே பின்னே பார்த்திராதவர், தானே கூப்பிட்டார். அடுத்த நிமிடம் கடைக்குப் பேசி அனுமதி கொடுத்துவிட்டார். அந்த மூன்று நாள் மன உளைச்சலும் ஐந்து நிமிடத் தொலைபேசியில் தீர்கிற விஷயம் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இந்த ஊரில் வழி எல்லாவற்றுக்கும் இருக்கிறது, கேட்காமல் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

ஓஹையோவில் இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. அதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. கெவின் ஹவுட்ஷெல் என்பவர், வயது 36, டைப் 1 சர்க்கரை. 2013 டிசம்பர் 31 அன்று இன்சுலின் வாங்கப் போனார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு காலாவதியாகிவிட்டது என்று கடையில் திருப்பி அனுப்பினார்கள். புத்தாண்டு விடுமுறை, டாக்டரைப் பிடிக்க முடியவில்லை. ஜனவரி தொடக்கத்திலேயே இறந்துபோனார். பெற்றோர் விடாமல் அலைந்து, 2015இல் இங்கே கெவின் சட்டம் வந்தது. டாக்டரைப் பிடிக்க முடியாத நேரத்தில் உயிர்காக்கும் மருந்தைப் பார்மசிஸ்டே கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. வேறு பல மாநிலங்களும் பிறகு இதே மாதிரி சட்டம் போட்டன.

ஆனால் தம்பி, இதில் புதிதாக வருகிறவருக்கு ஒரு சிக்கல். அந்த மருந்துக்கு உங்கள் பெயரில் முன்பே எழுதிய சீட்டின் பதிவு அந்தக் கடையில் இருக்க வேண்டும். கோயம்புத்தூர் டாக்டரின் சீட்டு இங்கே கணக்கில் வராது. பதிவு இருந்தாலும் கொடுப்பதும் மறுப்பதும் பார்மசிஸ்ட் இஷ்டம். அதனால் பத்து டாலர் மிச்சம் என்று மாதம் ஒரு கடைக்குத் தாவாதீர்கள். ஒரே கடையில் வாங்குங்கள், அங்கே உங்கள் முகம் தெரியட்டும். என் கடைப் பார்மசிஸ்ட் இப்போது நான் வாசலில் நுழையும்போதே என் பெயரைச் சரியாக உச்சரிப்பார், ழகரம் உட்பட. அதற்கு வருடங்கள் ஆயின.

கொண்டு வருவது பற்றி: உங்கள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கானது வரை கொண்டு வரலாம். கடை அட்டையோடு, டப்பாவோடு கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் டாக்டர் கடிதம் ஒன்றும் சீட்டின் நகலும் வேண்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். கீழே போடும் பெட்டியில் உறைந்து போனால் அது வெறும் தண்ணீர்.

அதைவிட முக்கியம், ஊரில் பேனா இல்லாமல் குப்பியில் போடுகிறவராக இருந்தால் அது 40 யூனிட் இன்சுலினா என்று பாருங்கள். நம் ஊரில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் குப்பி சகஜம், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். இங்கே கிடைப்பது 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. ஊர் சிரிஞ்சில் இங்கத்து இன்சுலினை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கவே கூடாது.

மாத்திரையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. நம் ஊரில் தாராளமாக எழுதிக்கொடுக்கும் வில்டாக்ளிப்டின், கிளிக்லசைடு, டெனிலிக்ளிப்டின், வோக்லிபோஸ் எதற்கும் அமெரிக்காவில் அனுமதி இல்லை. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரையும் கிடைக்காது, தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். கம்பெனிப் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். புது டாக்டர் மருந்தை மாற்றினால் சர்க்கரை நிலைபட நாளாகும். அதனால்தான் சொல்கிறேன், வந்த முதல் வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். புது நோயாளி என்றால் வாரக்கணக்கில் தள்ளித்தான் கொடுப்பார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்பதை வேலைக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் 90 நாள் வரை இழுப்பார்கள்.

அதையும் மீறி விடுமுறையில் மாட்டிக்கொண்டால் அர்ஜென்ட் கேர் என்ற, முன்கூட்டி நேரம் வாங்காமல் போகும் கிளினிக்குக்குப் போகலாம், புட்டியைக் காட்டினால் சில நாளுக்கு எழுதிக்கொடுப்பார்கள். மெட்ஃபார்மின் இங்கே மலிவு; வால்மார்ட்டில் ஒரு மாதத்துக்கு 4 டாலர் பட்டியலிலேயே இருக்கிறது. அதே கடையில் பழைய வகை மனித இன்சுலின் குப்பி சுமார் 25 டாலருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சீட்டில்லாமலே கிடைக்கும். ஆனால் அது நீங்கள் ராத்திரி போடும் மருந்தாக இல்லாமல் இருக்கலாம், வேலை செய்யும் நேரமும் வேறாக இருக்கலாம். டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ அளவு கேட்காமல் மாற்றிப் போடாதீர்கள். வாந்தி, வேகமான மூச்சு, தாங்காத தாகம் என்றால் யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காசில்லை என்று அங்கே திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1986 முதல் சட்டம். பில் பிறகு வரும், அதோடு பிறகு சண்டை போடலாம்.

நம்மவர்கள் வாட்ஸப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்கும் "யாரிடமாவது சுகர் மாத்திரை உபரியாக இருக்கிறதா" என்று ஒரு செய்தி வரும், உடனே நாலு பேர் "இருக்கு, வாங்கிக்கோங்க" என்பார்கள். மனசு பெரிசுதான், ஆனால் அவர் மாத்திரை அவருக்கு எழுதியது. இன்னொரு கூட்டம் உண்டு: இருபது வருடமாக இங்கே இருந்துகொண்டு, டாக்டரே வேண்டாம், வருகிறவர் போகிறவரிடம் ஊரிலிருந்து மருந்து தருவித்துக்கொள்கிறேன் என்று பெருமை பேசுவார்கள். ரத்தப் பரிசோதனை என்றைக்குச் செய்தீர்கள் என்று கேட்டால் பேச்சு க்ளீவ்லண்ட் தியாகராஜ ஆராதனைக்கு மாறிவிடும்.

பெட்டி நிறைய மருந்து என்றால் எனக்கு அப்பா நினைவுதான். அவரும் சர்க்கரைக்காரர். எங்களைப் பார்க்க வந்தபோது, திருச்சி டாக்டரிடம் உட்கார்ந்து கொட்டை எழுத்தில் கடிதம் வாங்கி, முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சிகாகோவில் குடியேற்ற அதிகாரி, சுங்க அதிகாரி, யாருமே அதைக் கேட்கவில்லை. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. கொலம்பஸ் வந்து சேரும்வரை அப்பாவுக்கு முகமே சரியில்லை. மறுநாள் என்னோடு மருந்துக்கடைக்கு வந்தவர், நான் என் மருந்தை வாங்கி முடிப்பதற்குள் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்மசிஸ்டிடம் நீட்டிவிட்டார். அந்த அம்மாள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்து, "உங்கள் டாக்டரின் கையெழுத்து ரொம்ப அழகு" என்றாள். அப்பாவுக்கு அன்றைக்குத்தான் அமெரிக்கா பிடித்தது.