ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கிக்கான ஆயத்த ஸ்லைடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குறைந்த அலைநீள ஒளியை உறிஞ்சி, அதைவிட நீண்ட அலைநீள ஒளியை உமிழும் சாயத்தை ஏற்றி, மெல்லிய கண்ணாடித் தகட்டால் மூடி நிலைப்படுத்திய மாதிரியே ஃப்ளோரசன்ஸ் ஸ்லைடு.

தெர்மோ ஃபிஷர் நிறுவனம் இன்விட்ரோஜன் என்ற பெயரில் விற்கும் ஃப்ளூவோசெல்ஸ் வரிசையின் முதல் ஸ்லைடில், மாட்டு நுரையீரல் தமனிச் செல்களின் உட்கரு நீலமாகவும், ஆக்டின் என்னும் புரத இழைகள் பச்சையாகவும், மைட்டோகாண்ட்ரியா சிவப்பாகவும் தெரிவதால், அந்தந்த நிற ஒளியை மட்டும் கடத்தும் மூன்று வடிகட்டிகளையும் ஒரே ஸ்லைடில் சரிபார்க்கலாம். கருவியைச் சோதிப்பது மட்டுமே நோக்கமென்றால், கான்வலேரியா (லில்லி ஆஃப் த வேலி) என்ற செடியின் மண்ணுக்கடியில் கிடையாக வளரும் மட்டத்தண்டின், சாயமேற்றிய குறுக்குவெட்டே போதும் என்பேன். தாவரவியல் ஸ்லைடு விற்போரிடமே அது கிடைக்கும்.

தூண்டும் ஒளி சாய மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாகச் சிதைப்பதால், வெயிலில் கிடக்கும் துணி வெளுப்பதைப் போல ஒளிர்வு மங்கும். ஆகவே பார்க்காத நேரத்தில் ஒளியை மறைத்து, ஸ்லைடை இருட்டில் வைக்க வேண்டும்.

இந்த ஸ்லைடுகள் தாமாகவே ஒளிரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தூண்டும் ஒளியும் உரிய வடிகட்டியும் இல்லாத சாதாரண நுண்ணோக்கியில் செல் ஸ்லைடு ஏறக்குறைய வெறும் கண்ணாடியாகவே தோன்றும்.